கருவிழிப் புண்ணும் நாடுகளின் கூட்டுறவும்

மனித உடம்பின் உறுப்புகளுள் கண்ணுக்குத் தமிழர் தந்திருக்கும் பெருமை மிகப் பெரிது. அன்புக்குரிய குழந்தையைக் 'கண்ணே' என்றும் 'கண்மணியே' என்றும் அழைக்கின்றோம். மதுரை மாநகரின் தலைவிக்கு வழங்கும் பெயரே அங்கயற்கண்ணி என்பது. கண்ணோய் தீர வேண்டுமென்று நேர்ந்துகொண்டு, வெள்ளியில் செய்த கண்மலரை அம்மன் கோயில் உண்டியலில் இடும் வழக்கம் இன்றும் நம் ஊர்களில் உண்டு. இத்துணைப் பெருமையுடைய கண்ணை, ஒரு நெல் உமியோ கரும்புத் தோகையின் விளிம்போ சில நாட்களுக்குள் ஒளியற்றதாக்கிவிடக்கூடும். அந்தச் சிறு காயத்தைப் பற்றியும், அதை வெல்வதற்காகக் கடலுக்கு அப்பாலும் மலைக்கு அப்பாலும் உள்ளவர்களோடு மதுரை மருத்துவர்கள் கூடி உழைத்த முறையைப் பற்றியும் இன்று சில செய்திகளை நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

முதலில் நோய் இன்னதென்று அறிந்துகொள்வோம். கண்ணின் முன்புறத்தில், கடிகாரத்தின் மேலுள்ள கண்ணாடியைப் போன்று, தெளிவான ஒரு படலம் இருக்கின்றது. இதனைக் கருவிழிப் படலம் என்பர். நடுப்பகுதியில் இதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒளி தடையின்றி உள்ளே புகவேண்டும் என்பதற்காகவே, இப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லாதபடி இயற்கை அமைத்திருக்கின்றது. ஆனால் அந்த வசதியே ஓர் இடர்ப்பாடும் ஆகின்றது. உடம்பின் பிற பகுதிகளில் காயம்பட்டால், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் படைகளை இரத்தம் விரைந்து கொண்டுவந்து சேர்க்கும். கருவிழியில் அவ்வுதவி தாமதமாகவே கிட்டும். மேற்புறத்தில் உள்ள மெல்லிய தோல் சிராய்க்கப்படாதவரை கிருமிகள் உட்புகுவது அரிது. சிராய்ப்பு ஏற்பட்டுவிட்டாலோ, கோட்டைக் கதவு திறந்ததாகிவிடும்.

மதுரையைச் சூழ்ந்த சமவெளியை நினைத்துப் பாருங்கள். மேலூர்ப் பக்கத்திலும் சோழவந்தான் பக்கத்திலும் நெல் விளைகின்றது. அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு ஓங்கி நிற்கின்றது. உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் புன்செய்ப் பயிர்கள் உண்டு. அறுவடைக் காலத்தில் கதிரடிக்கும்போதும், தூற்றும்போதும், தோகை உரிக்கும்போதும், மாட்டுக்குத் தட்டை நறுக்கும்போதும் கண்ணில் தூசு விழுவதும் இலை கீறுவதும் அன்றாட நிகழ்ச்சிகள். மண்ணிலும் செடிகொடிகளிலும் வாழும் பூஞ்சணங்களின் நுண்ணிய வித்துக்கள், அந்தத் துரும்போடு சேர்ந்தே கண்ணுக்குள் போய்விடுகின்றன. முதல் நாள் உறுத்தல். அடுத்த நாள் சிவப்பும் நீர்வடிதலும். பிறகு பொறுக்கவொண்ணாத வலி. பின்னர்க் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது புண். புண் ஆறினாலும் வடு நிற்கும். அதைத்தான் நம் சிற்றூர் மக்கள், 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று சொல்லுகின்றனர். சொல் அழகாயிருக்கின்றது, பொருளோ கொடியது. ஒரு குடும்பத்தில் கூலி வேலை செய்து நான்கு பேருக்குச் சோறிடும் ஒருவர், அன்றுமுதல் ஒரு கண்ணை இழந்தவராகின்றார்.

இந்நோய் புதியதன்று. ஆனால் எத்தனை பேருக்கு வருகின்றது, எக்கிருமியால் வருகின்றது, எம்மருந்துக்கு அடங்குகின்றது என்னும் கேள்விகளுக்கு நெடுங்காலம் திட்டமான விடை இல்லை. தனியொரு மருத்துவர் தம் அனுபவத்தைக் கொண்டு ஒன்று சொல்லுவார்; மற்றொருவர் வேறொன்று சொல்லுவார். அனுபவம் மதிக்கத்தக்கதே. ஆயினும் எண்ணிப் பார்த்து, எழுதிவைத்து, பிறருடைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் அனுபவம் அறிவியல் ஆகின்றது.

1976-ஆம் ஆண்டில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1947-இல் நிறுவப்பெற்ற பிராக்டர் அறக்கட்டளை என்னும் கண் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இவ்விரண்டு இடத்து மருத்துவர்களும் கருவிழிப் புண்ணைக் கூடி ஆராயத் தொடங்கினர். மதுரையில் டாக்டர் எம். சீனிவாசன், சான்பிரான்சிஸ்கோவில் டாக்டர் ஜான் விட்சர் ஆகியோர் இப்பணியின் முன்னோடிகள். 1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்று மாத காலத்துக்குள் மதுரை மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை அவர்கள் முறையாக ஆராய்ந்தனர். முடிவு 1997-இல் வெளியாயிற்று. அவர்களுள் 284 பேர், அதாவது நூற்றுக்கு 65 பேர், முன்னர்க் கண்ணில் அடிபட்டதாகக் கூறினர். புண்ணிலிருந்து எடுத்த துளியை வளர்த்துப் பார்த்ததில் 297 பேரிடம் கிருமி தெரியவந்தது. அவற்றுள் பாக்டீரியா மட்டும் காணப்பட்டவை 140. பூஞ்சணம் மட்டும் காணப்பட்டவை 139. பூஞ்சணங்களுள் பியூசேரியம் என்னும் இனமே மிகுதி.

இந்தக் கணக்கில் ஓர் அரிய உண்மை அடங்கியிருக்கின்றது. பாக்டீரியாவை அழிக்கும் மருந்து பூஞ்சணத்தை அழிக்காது. மேனாட்டுப் பாடநூல்கள் பெரும்பாலும் அந்நாடுகளின் நோயாளிகளைக் கண்டு எழுதப்பட்டவை. குளிர் மிகுந்த நாடுகளில் பூஞ்சணப் புண் அரிது. அப்பாடத்தை அப்படியே மதுரைக்குக் கொண்டுவந்தால், கண்ணோடு வருவோரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பொருந்தாத மருந்தைக் கொடுக்க நேரும். அதனினும் தீங்கானது ஒன்றுண்டு. மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பைக் குறைத்து நோய் நீங்கியது போலக் காட்டும். உள்ளே பூஞ்சணமோ தடையின்றி வளரும்.

இனி, ஒப்பிடுதலின் பயனைக் காண்போம். 1993-ஆம் ஆண்டுக்கு மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கின்படி, ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஒரு வட்டாரத்தில் அவ்வெண் ஏறத்தாழ 11. மதுரையில் பத்து மடங்கு. நேபாளத்தில் பக்தபூர் மாவட்டத்தில் டாக்டர் மதன் உபாத்யாய தலைமையில் எடுத்த கணக்கிலோ, அது 799. அப்படியாயின் நேபாளத்து மக்கள் நம்மைவிட ஏழு மடங்கு துன்புறுகின்றனரா? உடனே அப்படி முடிவு கட்டிவிடலாகாது. மதுரைக் கணக்கு, மருத்துவரிடம் வந்து சேர்ந்தவர்களின் பதிவுகளைக் கொண்டது. பக்தபூரிலோ ஊருக்குள்ளேயே பணியாளர்களை அமர்த்தி, மக்களைத் தொடர்ந்து கண்காணித்து எண்ணினார்கள். வீட்டோடு கிடந்துவிட்டவர்களும் மதுரையில் இருந்திருப்பர். அவர்கள் கணக்கில் ஏறியிரார்.

முன்காலத்தில் ஊருக்கு ஒரு மரக்கால் வழங்கியது. ஓர் ஊர் மரக்காலால் அளந்த நெல்லையும், மற்றோர் ஊர் மரக்காலால் அளந்த நெல்லையும் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒப்பிட்டவன் ஏமாந்தான். நாடுகள் தம் நலவாழ்வுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்வதும் இத்தகையதே. எண்களை அனுப்புவது மட்டும் பகிர்வு ஆகாது. எந்த மரக்காலால் அளந்தோம் என்பதையும் உடன் அனுப்பவேண்டும். எதைப் புண் என்று கொண்டோம், யாரை எண்ணினோம், யாரை விட்டோம் என்பனவெல்லாம் தெரிந்தாலொழிய, ஒரு நாட்டுக் கணக்கு மற்றொரு நாட்டுக்குப் பயன்படாது.

பக்தபூரிலிருந்து ஒரு நற்செய்தியும் வந்தது. அங்கே 34,902 பேரை இரண்டு ஆண்டுகள் கண்காணித்தபோது, கருவிழியில் சிராய்ப்பு ஏற்பட்டு 48 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 442 பேர். அவர்களுக்குக் குளோரம்பெனிகால் என்னும் எளிய களிம்பை இட்டனர். 424 பேருக்குப் புண் வராமலே ஆறிவிட்டது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் மருந்திட்ட 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. இச்செய்தி 2001-இல் வெளிவந்தது. மலைநாட்டில் கண்ட இம்முறை, பூஞ்சணம் மிகுந்த வைகைச் சமவெளிக்கும் பொருந்துமா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

ஆகவே மதுரை மாவட்டத்தில் இரு ஊராட்சிகளைத் தேர்ந்தெடுத்தனர். மக்கள்தொகை 48,039. கிராம நலப் பணியாளர் 15 பேருக்குப் பயிற்சி தந்தனர். ஃபுளோரசின் என்னும் சாயம் தோய்ந்த தாள் நறுக்கைக் கண்ணில் தொட்டு, நீல ஒளி விளக்கால் பார்த்தால், சிராய்த்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். இந்த எளிய முறையைக்கொண்டு அவர்கள் ஊரிலேயே காயத்தைக் கண்டறிந்தனர். சிலருக்குக் குளோரம்பெனிகாலோடு பூஞ்சணத்தைக் கொல்லும் களிம்பும், ஏனையோருக்குக் குளோரம்பெனிகாலோடு வெறுங் களிம்பும் நாளுக்கு மும்முறையாக மூன்று நாட்கள் தரப்பட்டன. 18 மாதங்களில் கண்ணில் அடிபட்டு வந்தோர் 1,365 பேர். சிகிச்சைக்கு உரிய சிராய்ப்பு உடையவர் 374 பேர். அவர்களுள் 368 பேருக்குக் காயம் தொல்லையின்றி ஆறிற்று. மதுரை, நேபாளம், சான்பிரான்சிஸ்கோ ஆகிய மூவிடத்து மருத்துவர்களும் சேர்ந்து எழுதிய இவ்வாய்வு 2006-இல் வெளியாயிற்று. பூட்டானிலும் பர்மாவிலும் நடைபெற்ற இதுபோன்ற ஆய்வுகளும் அவ்வாண்டிலேயே வெளிவந்தன.

இவ்வளவு கேட்டவுடன், 'இனி ஊர்தோறும் களிம்பு கொடுத்துவிட்டால் நோய் ஒழிந்தது' என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஆராய்ச்சியாளர் அங்ஙனம் நிறைவுகொள்ளவில்லை. பக்தபூரில் எல்லாருக்கும் மருந்து கொடுத்தார்கள். மதுரையிலும் இரு சாராருக்கும் குளோரம்பெனிகால் கிடைத்தது. மருந்தே கொடாத ஊர்களையும், மருந்து கொடுத்த ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பல சிராய்ப்புகள் தாமாகவே ஆறக்கூடியவை. களிம்பினால் ஆறியது எது, இயற்கையாக ஆறியது எது என்று பிரித்தறிவது எங்ஙனம்?

இதைத் தீர்ப்பதற்காக நேபாளத்தில் பெரியதோர் ஆய்வு நிகழ்ந்தது. 24 கிராமப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, சரிபாதியில் பெண் நலத் தொண்டர்களைக்கொண்டு மருந்து வழங்கினர், மறுபாதியில் வழங்கவில்லை. மூன்று ஆண்டுகள் பார்த்தனர். 2022-இல் வெளியான முடிவு எதிர்பார்த்தபடி அமையவில்லை. இரு பகுதிகளிலும் கருவிழிப் புண் ஏறத்தாழ ஒரே அளவாகவே இருந்தது. மருந்து பயனற்றது என்று இதற்குப் பொருளன்று. காயம்பட்ட ஒருவர் உரிய நேரத்தில் வந்து மருந்திட்டுக்கொள்வதனால் அவருக்கு நன்மை விளையலாம். ஆனால் ஒரு வட்டாரம் முழுவதிலும் புண்ணைக் குறைப்பதற்கு, தொண்டரை அமர்த்திக் களிம்பைக் கையில் கொடுப்பது மட்டும் போதவில்லை என்பதே இதனால் தெரியவரும் பாடம்.

நேயர்களே! தம் நம்பிக்கைக்கு மாறான முடிவையும் மறையாமல் வெளியிட்டார்களே, அதுதான் இக்கூட்டுறவின் உயிர்நாடி. சாதகமான செய்தியை மட்டும் பகிர்ந்துகொண்டு பாதகமானதைப் பெட்டியில் பூட்டிவைத்தால், ஏழை நாடுகளின் அரசுகள் பயன் தராத வழியில் பணத்தையும் காலத்தையும் செலவிட்டுக்கொண்டேயிருக்கும். இக்காரணம் பற்றியே, மருந்துச் சோதனை தொடங்குமுன்னர் அதனைப் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்னும் விதி உலகெங்கும் ஏற்பட்டது. இந்தியாவில் அத்தகைய பதிவேடு 2007-இல் தொடங்கப்பட்டது. 2009 முதல் மருந்துச் சோதனைகளுக்கு அது கட்டாயமாயிற்று.

புண் வந்த பிறகு எம்மருந்து சிறந்தது என்பதையும் இதே முறையால் ஆராய்ந்தனர். பூஞ்சணப் புண்ணுக்கு நாட்டமைசின் என்னும் பழைய சொட்டு மருந்து உண்டு. வோரிகோனசோல் என்னும் புதிய மருந்து பின்னர் வந்தது. புதியது சிறந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்று பலர் கருதினர். 2010-ஆம் ஆண்டில் மதுரை முதலிய இடங்களிலுள்ள அரவிந்த் மருத்துவமனைகளில் சோதனை தொடங்கிற்று. யாருக்கு எம்மருந்து என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. உத்திரமேரூரில் நம் முன்னோர் குடத்தில் ஓலையிட்டு உறுப்பினரைத் தேர்ந்தது போல, நடுநிலையான குலுக்கல் முறையிலே அது தீர்மானிக்கப்பட்டது. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் அது இன்ன மருந்தென்று தெரியாது. தெரிந்தால், விருப்பு வெறுப்பு கண்ணை மறைக்கும் அன்றோ?

சோதனையில் சேராத வல்லுநர் குழு ஒன்று, வந்து சேரும் கணக்கை இடையிடையே பார்த்துவந்தது. ஒரு சாராருக்குத் தீங்கு மிகுவதாகத் தெரிந்தால் உடனே நிறுத்தச் சொல்லுவது அதன் கடமை. அங்ஙனமே நடந்தது. எண்ணியிருந்த தொகை நிறைவுறுமுன்னரே, 323 பேரோடு சேர்க்கை நிறுத்தப்பட்டது. பழைய நாட்டமைசினே மேலானது என்பதும், பியூசேரியம் பற்றிய கண்களில் அதன் மேன்மை மிகத் தெளிவு என்பதும் 2013-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டன. 2017-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் நாட்டமைசின் இடம்பெற்றது. கண் நோயோடு வந்த எளிய மக்கள் தம் இசைவால் அளித்த சான்று, அவர்கள் பெயரே கேட்டறியாத நாடுகளின் மருத்துவர்க்கும் வழிகாட்டுகின்றது.

தமிழ்நாட்டுக்கு இத்தகைய கூட்டுறவு புதியதன்று. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை அரசு ஆகிய நான்கும் கைகோத்தன. சானடோரியத்தில் தங்கி மருந்து உண்பவரைப் போலவே, தம் எளிய வீட்டில் இருந்துகொண்டு மருந்து உண்பவரும் குணமடைவர் என்பதை 1959-இல் அந்நிலையம் நிறுவிக் காட்டிற்று. படுக்கைக்குக் காத்திருந்து மடியும் அவலத்தை உலகம் நீக்கிக்கொள்ள அம்முடிவு துணைசெய்தது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். 'நம் மக்களின் நோய்க் குறிப்புகளை அயல்நாட்டாரிடம் கொடுக்கலாமா? அதனால் ஊதியம் அவர்களுக்கும் துன்பம் நமக்குமாக முடியாதா?' என்று கேட்பவர் உண்டு. கேட்கவேண்டிய கேள்வியே இது. ஆராய்ச்சியின் பெயரால் மனிதரைக் கருவிகளாகப் பயன்படுத்திய கொடுமைகளை உலகம் கண்டதுண்டு. அதன் பயனாகவே 1947-இல் நியூரம்பர்க் நெறிகளும், 1964-இல் ஹெல்சிங்கி அறிக்கையும் தோன்றின. இந்தியாவில் அயல்நாட்டாரோடு கூடி மருத்துவ ஆராய்ச்சி செய்வதற்கு, ஒழுக்க நெறிக் குழுவின் இசைவோடு நலத்துறை அமைச்சகக் குழுவின் ஒப்புதல் பெறும் முறையும் ஏற்பட்டிருக்கின்றது. தனியார் தகவல்களைக் காப்பதற்கென 2023-இல் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது.

விதிகளின் சாரத்தைச் சுருங்கச் சொல்லிவிடலாம். நோயாளியின் பெயர் ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை. பெயருக்குப் பதிலாக ஓர் எண் போனால் போதும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் ஏடு, சிகிச்சை தந்த இடத்திலேயே பூட்டியிருக்க வேண்டும். நோயாளிக்கு அவர் அறிந்த மொழியில் விளக்கிச் சொல்லி, இசைவு பெறவேண்டும். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டாலும் அவருக்குரிய சிகிச்சையில் குறைவு வரலாகாது. ஆராய்ச்சியால் வரும் நன்மை, அதற்குத் துணைநின்ற மக்களுக்கும் திரும்பிவர வேண்டும். நம்மவர் வெறும் தகவல் திரட்டிக் கொடுப்பவராக நில்லாமல், கேள்வி எழுப்புபவராகவும் முடிவு கூறுபவராகவும் விளங்கவேண்டும். மதுரையில் நடந்தவற்றின் சிறப்பு இங்கேதான் இருக்கின்றது. பூஞ்சணப் புண் என்னும் கேள்வி இம்மண்ணில் எழுந்தது. விடை தேடியவர்களில் இம்மண்ணின் மருத்துவர்கள் முன்வரிசையில் நின்றனர்.

இறுதியாக, நம் கடமை யாது? கதிரடிக்கும்போதும் கரும்பு வெட்டும்போதும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவது நன்று. தூசு விழுந்தால் தூய நீரால் கழுவலாம், கசக்கலாகாது. நாவால் தூசு எடுப்பது, இலைச் சாறு பிழிவது, தாய்ப்பால் விடுவது, கடையில் கேட்ட மருந்தைச் சொட்டுவது ஆகிய பழக்கங்களைக் கைவிட வேண்டும். உறுத்தல் தீராவிட்டால் அன்றைக்கே மருத்துவரைக் காணவேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்று பெரியோர் சொல்லியிருப்பது இந்நோய்க்கு முற்றும் பொருந்தும். மருத்துவமனையில் உங்கள் ஊரையும் தொழிலையும், எப்போது எதனால் அடிபட்டது என்பதையும் கேட்டால், பொறுமையோடு சரியாகச் சொல்லுங்கள். 'இது எதற்கு?' என்று நீங்களும் தயங்காமல் கேளுங்கள். உண்மையாகச் சொல்லப்பட்ட ஒரு விடையும், உண்மையாக எழுதப்பட்ட ஓர் எண்ணும், நேபாளத்து மலைச்சாரலில் கதிரறுக்கும் ஒருவரின் கண்ணைக் காக்கவும் கூடும். அங்கே எழுதப்பட்ட எண், மேலூர் வயலில் நாற்று நடும் ஒரு தாயின் கண்ணைக் காக்கவும் கூடும்.